மாப்பிள்ளைப் பொம்மையும் ஆறு முகக்கண்ணாடிகளும்

மனித இனம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. அடுத்துச் சக்கரத்தைக் கண்டுபிடித்தது. பிறகு நெடுங்காலம் இளைப்பாறிவிட்டு, மூன்றாவதாக, 'கண்ணிவெடி அகற்றும் கருவிகளுக்கான பாதுகாப்பு வடிவமைப்பு நிறுவன'த்தைக் கண்டுபிடித்தது. முதலாவதால் கை சுட்டுக்கொண்டவர்கள் உண்டு. இரண்டாவதால் கால் நசுங்கியவர்கள் உண்டு. மூன்றாவதால் மட்டும் இன்றுவரை ஒருவருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. அங்கே உருவான கருவி எதுவும் இன்றுவரை வாசலைத் தாண்டியதில்லை என்பதுதான் அதன் ரகசியம். பாதுகாப்பு என்றால் அதுவல்லவா பாதுகாப்பு!

அந்த நிறுவனத்தின் கட்டடத்துக்குள் நுழைகிற எவருக்கும் கண்கள் பனிக்கும். மாடிப்படி ஒவ்வொன்றிலும் மஞ்சள் பட்டை. மேசை முனைகளுக்கெல்லாம் பஞ்சு உறை. தேநீர் ஆறிய பிறகே அறைகளுக்குள் அனுமதிக்கப்பட்டது. அறிவிப்புப் பலகையில் குண்டூசி குத்தக் கூடாது என்பதால் அறிவிப்புகள் அதன் அடியில் தரையில் வைக்கப்பட்டிருக்கும். குனிந்து படிப்பது முதுகுக்கு ஆபத்து என்பதால் யாரும் படிப்பதில்லை. கடிதம் பிரிக்கும் கத்தி கூர்மையானது என்று கண்டறியப்பட்டுத் தடை செய்யப்பட்டது. அதனால், களத்தில் வெடி அகற்றுகிறவர்கள் எழுதிய கடிதங்கள் அனைத்தும் ஓர் அலமாரியில், உறை கசங்காமல், மிகவும் பாதுகாப்பாக இருந்தன.

அந்தக் கட்டடத்தின் மேல் மாடியில், ஜன்னலோர மேசையில், நம் வரைவாளர் உட்கார்ந்திருந்தார். கவசங்களுக்கும் கருவிகளுக்கும் படம் வரைவது அவர் உத்தியோகம். எதையும் அளந்து பேசுகிறவர். மனைவியிடம் மட்டும் அளப்பதற்குள் முடிந்துவிடும். அவள் பேசி முடித்திருப்பாள். அவருடைய ஒரே குறை, நிறுவனத்தில் வேறு எவருக்கும் இல்லாத குறை, அவர் மனைவி கண்ணிவெடி அகற்றுகிறவள் என்பதுதான். அவர் படம் வரைகிற கருவிகள் நிஜமாகவே யாருக்கோ வேண்டியிருக்கின்றன என்பது இதனால் அவருக்குத் தெரிந்துபோயிற்று. ஓர் அலுவலருக்கு இப்படிப்பட்ட விஷயங்கள் தெரிந்திருப்பது நல்லதல்ல. தூக்கம் கெடும்.

கெட்டது.

ஒரு சாயங்காலம் மனைவி வேலையிலிருந்து வந்து, பூட்ஸைக் கழற்றி மூலையில் எறிந்துவிட்டு, சமையலறை மேசையில் தன் முகக்கண்ணாடியை வைத்தாள். தலையில் மாட்டினால் முகத்துக்கு முன்னால் இறங்குகிற தடித்த பிளாஸ்டிக் தகடு அது. வெடித்தால் முகத்துக்கும் வெடிக்கும் நடுவில் நிற்கப்போவது அது ஒன்றுதான். புல்லும் மண்ணும் உரசி உரசி அதில் ஆயிரம் கீறல்கள். பல் தேய்க்கிற பேஸ்ட்டைப் பிதுக்கி, பழைய பனியன் துணியால் அதைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"என்னம்மா பண்றே?"

"கண்ணாடிக்குப் பல் தேய்ச்சு விடுறேன். ஏங்க, உங்க ஆபீஸ் இத்தனை வருஷமா கண்டுபிடிக்காததை இந்தப் பேஸ்ட் கம்பெனிக்காரன் கண்டுபிடிச்சிருக்கான் பாருங்க. லேசா தெரியுது."

"லேசாவா?"

"ஆள் நிக்கிறது தெரியும். மூஞ்சி தெரியாது. உங்களை இது வழியா பாத்தா நல்லாத்தான் இருக்கீங்க."

வரைவாளர் சிரிக்கவில்லை. "அப்ப வெடி எப்படித் தெரியுது?"

"கண்ணாடியைத் தூக்கிட்டுப் பாப்போம்."

"தூக்கக் கூடாதும்மா!"

"இறக்கினா கண்ணு தெரியாது. ஏத்தினா முகம் மிஞ்சாது. இதுல எதைச் செய்யட்டும்னு நீங்களே சொல்லுங்க. நீங்கதானே படம் வரையறவரு?"

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அடுத்த வேலை எங்கே என்பதையும் அவள் சொல்லிவிட்டாள். மூடிக்கிடக்கும் ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டு மைதானம். அங்கே புதைத்திருப்பவை உள்ளங்கை அளவு, பச்சை நிறம், பெரும்பாலும் பிளாஸ்டிக். உலோகம் காட்டும் கருவி அவற்றின் மேல் போனால் அரைத்தூக்கத்தில் முனகுவது போலத்தான் முனகும். மீதியைக் கண்தான் பார்க்க வேண்டும். புல்லும் பச்சை, வெடியும் பச்சை.

"அடுத்த வாரம் இறங்குறோம்" என்றாள். "கவலைப்படாதீங்க. தூக்கிப் பாத்துட்டு உடனே இறக்கிக்குவேன்."

வரைவாளர் அன்றைக்குச் சாப்பிட்டது என்னவென்று அவருக்கே தெரியாது.

இத்தனைக்கும் அவர் சும்மா இருந்தவரில்லை. மனைவி கழுத்தைத் திருப்புவதையும், குனிவதையும், மூச்சு விடுவதையும் வீட்டிலேயே பார்த்துப் பார்த்து ஒரு புதிய முகக்கண்ணாடி வரைந்திருந்தார். தகடு பழைய தகடுதான், அதே தடிப்பு. மேலே மட்டும் மெல்லிய படலம் ஒன்று. கீறல் விழுந்தால் அதை உரித்துப் போட்டுவிட்டு வேறொன்றை ஒட்டிக்கொள்ளலாம். மூச்சுக்காற்று படிந்து மங்காமல் இருக்கத் தாடையோரம் இரண்டு காற்றுவழிகள். நிறுவனத்தின் பட்டறை, யாரோ கையெழுத்தை மாற்றிப் போட்டுவிட்டதால், தவறுதலாக அந்தப் படத்தை வைத்து ஆறு கண்ணாடிகளைச் செய்தே விட்டது. அந்த ஆறும் பண்டகசாலையில் இருந்தன.

பண்டகசாலைக் காப்பாளருக்கு அலுவலகத்தில் 'பூட்டு' என்று பெயர். அவர் நடந்தால் இடுப்பில் சாவிகள் பேசும்; அவர் பேசினாலும் ஏதோ ஒன்றைப் பூட்டுவது போலவே இருக்கும்.

"அண்ணே, அந்த ஆறு கண்ணாடி..." என்று ஆரம்பித்தார் வரைவாளர்.

"யாருக்கு?"

"களத்துல வேலை செய்றவங்களுக்கு."

"சோதனை முடிஞ்சுதா தம்பி?"

"சோதனை உடலைக் குடுத்தா முடிச்சிடலாம்."

"சோதனை உடலை வெடிகிட்ட விட முடியாதே."

"அப்ப சோதனை முடியாதே!"

"முடியாதுல்ல? அப்ப கண்ணாடியும் குடுக்க முடியாது. எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க" என்றார் பூட்டு, உண்மையான மகிழ்ச்சியுடன்.

"யாருக்குத்தாண்ணே குடுக்கலாம்?"

"சோதனை உடலுக்குக் குடுக்கலாம். அதுக்கு மட்டும்தான் குடுக்கலாம். பழைய கண்ணாடி ஒண்ணு குடுத்தும் இருக்கோமே. போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு, பாக்கலையா?"

இந்த இடத்தில் மேற்படி சோதனை உடலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லாவிட்டால் மரியாதையாக இராது.

அது ஓர் ஆளுயரப் பொம்மை. கவசத்தைப் போட்டு, எதிரே வெடியை வைத்து, வெடித்தபின் எங்கே அடிபட்டிருக்கிறது என்று பார்ப்பதற்காகக் கடல் கடந்து வரவழைக்கப்பட்டது. மனிதர்கள் அடிபடாமல் இருக்க, மனிதர்களுக்குப் பதிலாக அடிபடுவது அதன் பிறவிப் பயன். ஆனால் அது வந்து இறங்கிய அன்றே ஒரு பெரிய மனிதர் நாடா வெட்டினார், அதனுடன் கை குலுக்கினார், படம் எடுத்துக்கொண்டார். அதன் கழுத்தில் சொத்து எண் ஒட்டப்பட்டது. முதுகில், 'இதற்குச் சேதம் நேர்ந்தால் சேதம் விளைவித்தவரே பொறுப்பு' என்று எழுதப்பட்டது. அதோடு அதை எவரும் சேதப்படுத்த முடியாமல் போயிற்று. சேதப்படுவதைத் தவிர அதற்கு வேறு வேலையும் இல்லாததால், அது குளிரூட்டப்பட்ட அறையில், மெத்தை நாற்காலியில், கண்ணாடி விழிகளைத் திறந்துகொண்டு அமர்ந்தது. தினமும் தூசி தட்டினார்கள். கோடையில் விசிறினார்கள். இத்தனை உபசாரத்தையும் பார்த்துவிட்டு அலுவலகம் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தது. பெயர் நிலைத்துவிட்டது, இயக்குநரே அப்படித்தான் அழைத்தார்.

ஒரே ஒரு தடவை மாப்பிள்ளையைச் சோதனைத் திடலுக்குக் கூட்டிப்போனது உண்மை. வெடி திடலின் நடுவில் வைக்கப்பட்டது. மாப்பிள்ளை, முழுக் கவசத்துடன், திடலின் மதிலுக்கு அந்தப் பக்கம், வண்டிக்குள், ஜன்னல் ஏற்றப்பட்டு உட்காரவைக்கப்பட்டார். வெடி வெடித்தது. மாப்பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. 'கவசம் மகத்தான வெற்றி' என்று அறிக்கை போயிற்று. ஆனால் திரும்பி வந்தபோது அவர் மேல் லேசாகப் புகை வாசனை அடித்ததாகப் பூட்டு புகார் கொடுத்தார். உடனே 'சோதனையின்போது சோதனை உடலைப் பாதுகாப்பதற்கான துணைக்குழு' அமைந்தது. பாதுகாப்புக் கவசத்துக்கு மேலே மாப்பிள்ளை போட்டுக்கொள்ள இன்னொரு பாதுகாப்புக் கவசம் வரையும்படி நம் வரைவாளருக்கு உத்தரவு வந்தது. அவர் வரைந்தார். அதையும் சோதிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. யார் மேல் போட்டுச் சோதிப்பது என்பதில் துணைக்குழு இன்றுவரை ஆழ்ந்திருக்கிறது.

நிற்க. நம் வரைவாளர் பண்டகசாலையிலிருந்து நேராகத் திடலுக்குப் போனார். அங்கே வெடிக்காரர் இருந்தார். சோதனை வெடிகளை வைத்து வெடிக்கச் செய்கிறவர். இந்த நிறுவனத்தில் அவருக்கு வேலையே இல்லாததால் எப்போதும் உற்சாகமாக இருப்பார்.

"அந்தக் கண்ணாடியா? நான் எப்பவோ சோதிச்சுட்டேனே!" என்றார் அவர்.

"எப்ப? யார் மேல?"

"பட்டறைக்காரங்க அந்த ஆறு போக, மாதிரிக்குச் செஞ்ச ஒண்ணைக் குடுத்தாங்க. தர்பூசணி மேல கட்டி வச்சு வெடிச்சேன். நிஜ வெடி அளவு. சும்மா சொல்லக் கூடாது மச்சான், பழத்துல ஒரு கீறல் இல்ல. அறுத்துச் சாப்பிட்டோம். அவ்வளவு இனிப்பு."

"அடப்பாவி! சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேனே. எழுதியே குடுத்தேன். 'தர்பூசணி அங்கீகரிக்கப்பட்ட சோதனை உடல் அல்ல. அதற்குக் கைகால் இல்லை'ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அடுத்த தடவை கைகால் இருக்கிற பழமா வாங்கலாம்னு இருக்கேன்."

வரைவாளர் திடலின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்தார். கண்ணாடி நல்ல கண்ணாடிதான் என்று தெரிந்ததில் பாதி நிம்மதி. அது கிடைக்காது என்பதில் முழுக் கவலை. பாதியும் ஒன்றும் சேர்ந்து அவருக்குள் ஏதோ ஒரு கணக்குப் போட்டன. அடுத்த நாள் கூட்டத்தில் அவர் தம் வாழ்நாளில் முதல்முறையாகக் கை தூக்கினார்.

அப்போது இயக்குநர் உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். எறும்பைக் கூட மிதிக்கமாட்டார். வெளியே போகமாட்டார் என்பதால் எறும்புக்கும் அந்த வாய்ப்பு இல்லை.

"நமக்கு இருக்கிறது ஒரே ஒரு மாப்பிள்ளை. அவருக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா நான் யார் மூஞ்சியில முழிப்பேன்? நினைச்சாலே நெஞ்சு அடைக்குது." கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்னய்யா, கை தூக்குற? கை வலியா?"

"இல்ல சார். மாப்பிள்ளைக்குத் துணையா இன்னும் ஆறு சோதனை உடல் இருந்தா..."

கூட்டம் நிமிர்ந்தது. மாப்பிள்ளை கூட நிமிர்ந்த மாதிரி இருந்தது. கூட்டங்களில் அவருக்கும் ஒரு நாற்காலி உண்டு.

"ஆறா! எங்கேய்யா கிடைக்கும்?"

"உள்ளூர்லயே இருக்கு சார். வரவழைக்கிற செலவு கூட இல்ல."

"உள்ளூர்ச் சரக்கா? தரம் எப்படி?"

"அதுல ஒண்ணோட நான் ரொம்ப நாளா பழகியிருக்கேன் சார்" என்றார் வரைவாளர், அளந்து. "நல்லா உழைக்கும். வெயில் மழை தாங்கும். கொஞ்சம் சத்தம் வரும்."

"சத்தம் வந்தா பரவாயில்ல. கூட்டிட்டு வா. பாத்துடுவோம்."

வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி முதலில் கேட்டது கண்ணாடியைப் பற்றி அல்ல.

"கொஞ்சம் சத்தம் வருமா?"

"ஆபீஸ்ல ஏதாவது சொல்லித்தானேம்மா ஆகணும்..."

"இருங்க, சத்தம்னா என்னன்னு அப்புறம் காட்டுறேன். பொம்மை மாதிரி நிக்கணும், அவ்வளவுதானே? நின்னா கண்ணாடி குடுப்பாங்களா?"

"சோதனை உடலுக்குக் குடுக்கணும்னு விதியே இருக்கு. குடுக்காம இருக்க முடியாது."

மனைவி தன் குழுவிடம் சொன்னாள். குழுவில் மூத்தவளான பெரியக்கா, சிரித்துச் சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தாள். "வெடி மேல கை வச்சுக்கிட்டு மணிக்கணக்கா அசையாம இருக்கிறவங்க நாம. இவங்க முன்னாடி அசையாம நிக்க முடியாதா? வாங்கடி." குழுவில் நெட்டையர் என்றொருவர், அவருக்கு மட்டும் ஒரே கவலை. "நடுவுல சாப்பாடு உண்டா?"

மழை பெய்து மண் நனைந்ததால் களத்தில் வேலை நிறுத்தப்பட்டிருந்த ஒரு நாளில், ஆறு பேரும் முழு உடுப்பில் வந்து இறங்கினார்கள். கழுத்து வரை கவசம், முகத்தை மூடிய துணி, தலைக்கு மேல் தொப்பி, தெரிவதெல்லாம் கண்கள் மட்டும். விஷயம் தெரிந்த வெடிக்காரர் ஒவ்வொருவரையும் நிற்கவைத்தபடியே தள்ளுவண்டியில் உருட்டிக்கொண்டுபோய் மாப்பிள்ளையின் அறையில் வரிசையாக இறக்கினார். நெட்டையர் மட்டும் வாசல் நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டார். இருந்தும் வாய் திறக்கவில்லை. பொம்மைதானே.

இயக்குநர் வந்தார். பின்னால் துணைக்குழு. அதற்கும் பின்னால் சாவிகளின் சத்தம்.

"ஆகா" என்றார் இயக்குநர். "ஆகா! கண்ணைப் பாத்தீங்களா? நம்ம மாப்பிள்ளை கண்ணை விட இதுல ஒரு பளபளப்பு இருக்கு." பெரியக்காவின் முன் போய்க் குனிந்து பார்த்தார். பெரியக்கா இமைத்தாள். "ஐயோ, இமைக்குது!"

"தூசி படாம இருக்க சார். தானா மூடித் திறக்கும்" என்றார் வெடிக்காரர்.

"இதென்ன, சூடா இருக்கு?" நெட்டையரின் தோளைத் தொட்டிருந்தார்.

"இப்பதான் இறக்கினோம். ஆறிடும் சார்."

அந்த நேரம் பார்த்து நெட்டையரின் வயிறு, காலையிலிருந்து காத்திருந்த வயிறு, நீண்டதொரு உறுமல் உறுமியது. துணைக்குழு ஓரடி பின்வாங்கியது. இயக்குநர் மட்டும் காதைக் கவசத்தில் வைத்துக் கேட்டார்.

"உள்ளே மோட்டாரா?"

"ஆமா சார்" என்றார் வரைவாளர், வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "மத்தியானத்துல ஓடும்."

"இதுதான் நீ சொன்ன சத்தமா?"

வரைவாளரின் முதுகுக்குப் பின்னால், அவர் பல்லாண்டுகளாகப் பழகிய அந்தச் சோதனை உடல், பற்களுக்கு நடுவிலிருந்து மிக மெல்லிய குரலில், "வீட்டுக்கு வாங்க" என்றது.

இயக்குநர் அதைக் கேட்கவில்லை. அவர் உணர்ச்சிவசப்பட்டிருந்தார். பூட்டை அழைத்தார். "எல்லாருக்கும், அதாவது எல்லாத்துக்கும், கழுத்துல எண் ஒட்டுங்க. புதுக் கண்ணாடி ஆறும் எடுத்துட்டு வந்து இப்பவே மாட்டுங்க. கண்ணு எவ்வளவு நுட்பமா செஞ்சிருக்கான், ஒரு தூசு விழுந்தா போச்சு. ஏ.சி.யைக் கூட்டுங்க. கால்ல மெத்தை போடுங்க. இத பாருங்க, எல்லாரும் கேட்டுக்கங்க: இதுங்களுக்கு ஒரு சின்ன அடி படக் கூடாது. பட்டா நான் பொறுத்துக்கமாட்டேன்."

பூட்டு தம் கையாலேயே, குழந்தைக்குத் தொப்பி போடுவது போல், ஒவ்வொரு தலையிலும் புதுக் கண்ணாடியை மாட்டினார். பெரியக்காவுக்கு மாட்டும்போது அவள் கன்னத்துத் துணி நனைந்திருந்தது. இத்தனை வருஷம் வெடிகளுக்கு நடுவில் மண்டியிட்டு வேலை செய்தவள் அவள். தனக்கு அடி படக் கூடாது என்று ஓர் அதிகாரி வாய் திறந்து சொல்லக் கேட்டது அதுவே முதல் தடவை.

"கசியுதே" என்றார் பூட்டு, விரலைத் தடவிப் பார்த்து.

"புதுசுல அப்படித்தான் இருக்கும்ணே" என்றார் வெடிக்காரர். அதற்கு மேல் அவருக்கு வேடிக்கையாக ஒன்றும் வரவில்லை.

அறை நிறைய ஆட்கள், கதவு மூடியிருந்தது, ஆறு பேரும் மூச்சு விட்டார்கள். ஆறு கண்ணாடியிலும் ஒரு பொட்டு மங்கல் இல்லை. வரைவாளர் அதை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய கண்ணாடிக்கு மனித முகத்தில் நடந்த முதல் சோதனை அது. சோதிக்கிறோம் என்று தெரியாமலேயே நிறுவனம் அதை நடத்தி முடித்தது. மனைவி கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தாள். மூஞ்சி தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும், கண்ணை உருட்டினாள்.

உள்ளே வந்தாயிற்று, வெளியே போவது எப்படி? அதற்கும் வெடிக்காரர்தான். "புதுச் சரக்கு சார், ஒரே பெயிண்ட் வாசனை. வெயில்ல கொஞ்சம் காயவச்சுக் கொண்டாரேன். இல்லேன்னா மாப்பிள்ளைக்கும் ஒட்டிக்கும்." மாப்பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும் என்றதும் இயக்குநர் மறு பேச்சுப் பேசவில்லை. ஆறு சோதனை உடல்களும் மறுபடி தள்ளுவண்டி ஏறி, வாசல் தாண்டி, வெயிலுக்குப் போயின. நெட்டையர் இந்த முறை குனிந்துகொண்டார்.

வெயில் நன்றாகவே அடித்தது. மறுநாளும் அடித்தது. மண் உலர்ந்தது. குழு மைதானத்தில் இறங்கியது.

அன்று பத்து மணி வாக்கில், காயவைத்தவை இன்னும் உள்ளே வரவில்லையே என்று பூட்டுக்குத் தோன்றியது. கட்டடத்தைச் சுற்றிப் பார்த்தார். மொட்டை மாடியில் பார்த்தார். பிறகு அவர் போட்ட கூச்சலில் ஆறிய தேநீர்கள் சிந்தின. வெடிக்காரரைப் பிடித்து உலுக்கியதில், பயத்தில் அவர் உண்மையின் பாதியை மட்டும் சொன்னார்: "பள்ளிக்கூட மைதானத்துல இருக்கு."

வரலாறு படைக்கும் நிறுவனங்களுக்கு ஒரு நாள் வரும். அந்த நிறுவனம் தோன்றிய காலம் முதல், அங்கிருந்து ஒருவரும் ஒரு கண்ணிவெடி வயலை எட்டிப் பார்த்ததில்லை. அன்று மொத்த நிறுவனமும் போனது. இயக்குநர் முன் வண்டியில், துணைக்குழு அடுத்ததில், பூட்டு ஏணி, கயிறு, போர்வைகளோடு மூன்றாவதில். வரைவாளரை நடுவில் நசுக்கி உட்காரவைத்தார்கள்.

மைதானத்தின் ஓரத்தில், சிவப்புத் தலை போட்ட கட்டைகள் வரிசையாக நின்றன. அதற்கு அப்பால் போகக் கூடாது என்று அர்த்தம். உள்ளே, ஒருவருக்கொருவர் வெகு தூரம் விட்டு, ஆறு பேரும் மண்டியிட்டுப் புல்லை விலக்கிக்கொண்டிருந்தார்கள். ஆறு புதுக் கண்ணாடிகளும் வெயிலில் மின்னின. எல்லாம் இறங்கியே இருந்தன.

இயக்குநர் வண்டியிலிருந்து பாதி இறங்கும்போதே பார்த்துவிட்டார்.

"ஐயோ!" என்று அலறினார். "யாருய்யா அதுங்களை அங்கே விட்டது? வெடி இருக்கிற இடம்யா அது! உனக்கெல்லாம் நெஞ்சுல ஈரமே இல்லையா? காலு போயிடும், கையி போயிடும், அந்தக் கண்ணு... ஐயோ, அந்தக் கண்ணு! வெளிய கொண்டாங்கய்யா! யாராவது காப்பாத்துங்கய்யா!"

அந்த வயலைப் பார்த்து ஓர் அதிகாரி அப்படிக் கதறியது அதுவே முதல் தடவை. துணைக்குழுவில் இரண்டு பேர் விம்மினார்கள்.

உள்ளேயிருந்த ஓர் உருவம் கையை உயர்த்தியது. மற்ற ஐவரும் வேலையை நிறுத்தினார்கள். "கோட்டுக்கு அந்தப் பக்கமே நில்லுங்க!" என்று கணீரென்று ஒரு குரல். வரைவாளருக்கு நன்றாகப் பழகிய சத்தம்.

இயக்குநர் கட்டையைப் பிடித்துக்கொண்டார். "பேசுது!"

"பேசுவோம் சார். நாங்க பொம்மை இல்ல. மனுஷங்க. இங்கே வெடி எடுக்கிறவங்க. அன்னிக்கு உங்க ஆபீசுக்கு வந்து நின்னதும் நாங்கதான்."

இயக்குநர் அந்த ஆறு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு மெல்ல வண்டிப் படியில் உட்கார்ந்தார். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். ஒரு மடக்குக் குடித்தார். நெஞ்சில் கை வைத்தார்.

"மனுஷங்களா?"

"ஆமா சார்."

"நெஜமா மனுஷங்கதானே? நம்ம சொத்து எதுவும் உள்ள இல்லையே?"

"இல்ல சார்."

"அப்பாடா!" முகமெல்லாம் மலர்ந்தது. "போன உசுரு திரும்பி வந்துச்சு போங்க! ஒரு நிமிஷத்துல என்ன பயங்காட்டிட்டீங்க!" துணைக்குழு ஒருவரையொருவர் கட்டிக்கொண்டது. பூட்டு போர்வைகளை மடிக்க ஆரம்பித்தார். "சரி சரி, நீங்க உங்க வேலையைப் பாருங்கம்மா. நல்லா பாருங்க. ஆங், அந்தக் கண்ணாடியை மட்டும் கழட்டிக் குடுத்துடுங்க. அது இன்னும் சோதனை முடியாத கண்ணாடி. மனுஷங்களுக்குக் குடுக்க அனுமதி கிடையாது."

வரைவாளர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் மனைவி மண்டியிட்ட இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை.

"அதுக்கென்ன சார்" என்றாள், விருந்தாளியை வரவேற்பது போல. "இதோ, இங்கதான் இருக்கோம். வந்து வாங்கிக்குங்க."

இயக்குநர் பூட்டைப் பார்த்தார். பூட்டு துணைக்குழுவைப் பார்த்தார். துணைக்குழு தன் காலணிகளைப் பார்த்தது. கடைசியில் எல்லாருடைய பார்வையும் வரைவாளர் மேல் வந்து நின்றது.

"யோவ், ரொம்ப நாளா பழகினதா சொன்னியே, அது உன் வீட்டுக்காரிதானேய்யா? நீ போய் வாங்கிட்டு வா."

"போறேன் சார்" என்றார் வரைவாளர். அப்போதும் அளந்தேதான் பேசினார். "ஒரு முகக்கண்ணாடி குடுங்க, மாட்டிக்கிட்டுப் போறேன். வெறும் மூஞ்சியோட எப்படி சார் போறது?"

"கண்ணாடிக்கு எங்கய்யா போவேன்? ஆறும் உள்ளதானே இருக்கு?"

"ஆமா சார். உள்ளதான் இருக்கு."

மைதானத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. பெரியக்காவாக இருக்கும், முடிவில் புரையேறியது. மனைவி மறுபடி குனிந்தாள். புல்லை இரண்டு விரலால் விலக்கினாள். பிறகு, கண்ணாடியைத் தூக்காமலேயே, ஒரு கையால் எல்லாரையும் 'சும்மா இருங்க' என்று காட்டிவிட்டு, இன்னொரு கையால் அந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கொடியை மெல்ல ஊன்றினாள். இலைக்கும் அடியில் கிடந்த வெடிக்கும் நிறத்தில் வித்தியாசமே இல்லை. ஆனாலும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

நிறுவனம் வண்டிகளில் ஏறியது. நிறுவனத்தின் நேர்மையைப் பற்றி யாருக்காவது சந்தேகம் இருந்தால், அன்று இயக்குநர் தம் கைப்படப் பதிவு செய்த குறிப்பைப் பார்க்கலாம்: 'முகக்கண்ணாடிகள் ஆறும் மனிதர் எவரும் கால் வைக்கக் கூடாத அளவு ஆபத்தான இடத்தில் சிக்கியுள்ளன, மீட்க ஆளை அனுப்புவது மனிதத்தன்மை ஆகாது.' அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அந்தக் கண்ணாடிகளுக்குள் ஆறு முகங்கள் இருந்தன என்பதை எழுத மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.